பொட்டலத்துக்குள் என்ன?

ஃபாக்ஸ் சகோதரிகள் என்ற அமெரிக்கப் பெண்கள், நியூயார்க் மாநிலத்துக் கிராம வீட்டில் ஆவிகள் தட்டும் சத்தம் கேட்பதாகச் சொன்னது 1848-ல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே இன்னொரு அமெரிக்கர், ஆவியெல்லாம் வேண்டாம், கை போதும் என்று கிளம்பியிருந்தார்.

ஜோசப் ரோட்ஸ் புக்கனன் ஒரு மருத்துவர். லியோனிடஸ் போல்க் என்ற பிஷப் அவரிடம் ஒரு விநோதத்தைச் சொன்னார்: இருட்டில், என்னவென்று தெரியாமல் பித்தளையைத் தொட்டால்கூட வாயில் அதன் ருசி ஏறிவிடுமாம். வேறொருவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். புக்கனன் மருந்துகளைத் தாளில் மடித்து மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தார். வாந்தி மருந்தைப் பிடித்த சிலருக்குக் குமட்டியதாக எழுதிவைத்தார். பொருளைத் தொட்டே அதன் வரலாற்றை அறியலாம் என்பதுவரை போய்விட்ட இந்தத் திறமைக்கு, 1842-ல் அவர் வைத்த பெயர் 'சைக்கோமெட்ரி'. கிரேக்க மொழியில் ஆன்மாவை அளப்பது என்று பொருள்.

இதில் சொக்கிப்போனவர் வில்லியம் டென்டன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிலவியலாளர். கல்லும் படிமமும் வீட்டில் குவிந்திருக்க, சோதனைக்கு வெளியாள் தேடவில்லை. மனைவி எலிசபெத்தும் தங்கை ஆனியும் இருந்தார்கள். துண்டைத் தாளில் சுற்றிக் கொடுப்பார். அவர்கள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு தெரிவதைச் சொல்வார்கள். ஹவாய் எரிமலைக் குழம்பின் துண்டுக்கு, கடலில் நெருப்பு கொட்டும் காட்சி வந்தது. 1863-ல் எல்லாம் புத்தகமானது.

பொட்டலம் கட்டியவருக்கு உள்ளே இருப்பது தெரியுமே? டென்டன் ஏமாற்றுக்காரர் அல்ல. இந்தக் கேள்வி அவருக்கே உறுத்தியது. ஒரே மாதிரிப் பொட்டலங்களைக் கலந்துவைத்து, எது எதுவென்று தானும் அறியாமல் சோதித்தார். ஆனால் வீட்டில் என்னென்ன கற்கள் உண்டு என்பது அந்த வீட்டுக்கே தெரியும். முகக்குறிப்பும் குரலும் மறைத்துவைக்கக்கூடிய சரக்கல்ல.

பிறகு அவர் கல்லை விட்டுவிட்டுக் கிரகங்களுக்குத் தாவினார். மகன் ஷெர்மனும் சேர்ந்துகொண்டான். செவ்வாயில் மனிதர்கள் தெரிந்தார்கள். வெள்ளியில் மரமும் விலங்கும். சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள் என்ற துணிச்சலோ என்னவோ! 1970-ல் சோவியத்தின் வெனேரா 7 வெள்ளியில் இறங்கியது. அங்கே வெப்பம் 450 டிகிரி செல்சியஸுக்கும் மேல், ஈயம் உருகிவிடும். இதைக் கேட்க டென்டன் இல்லை. 1883-லேயே நியூகினியில் காய்ச்சலில் இறந்துபோனார்.

இன்றும் இந்த வித்தையைக் கற்றுத்தருகிறார்கள். அடுத்தவர் மோதிரத்தை வாங்கி, கண்ணை மூடி, முதலில் தோன்றுவதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சொன்னது பொருந்துகிறதா என்று தீர்ப்பளிப்பவர் மோதிரக்காரர். வம்பே இங்குதான். 1948-ல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர், 39 மாணவர்களுக்கு 'உங்கள் குணம் இதுதான்' என்று தனித்தனித் தாள் கொடுத்தார். அது தங்களுக்குப் பொருந்துகிறது என்று அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். அத்தனை தாளிலும் இருந்தது ஒரே வாசகம், ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

ஆனாலும் பொருளில் எதுவோ ஒட்டியிருக்கிறது என்ற உணர்வு லேசில் போவதில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் புரூஸ் ஹூட் மேடையில் ஒரு பழைய ஸ்வெட்டரைக் காட்டி, போட்டுக்கொள்ள யார் தயார் என்பார். கைகள் உயரும். இது தொடர்கொலைகாரன் ஃபிரெட் வெஸ்ட் போட்டிருந்தது என்றதும் பெரும்பாலான கைகள் இறங்கிவிடும். இறக்காத சிலரின் பக்கத்து இருக்கைக்காரர்கள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள்.