கொல்லைப்புறத்தில் நோயுற்ற ரக்கூன்

கனடாவின் டொராண்டோ நகரைச் சூழ்ந்த புறநகர்களில் வாழ்வோர் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அடிக்கடி காணும் காட்டு விலங்கு ரக்கூன். பூனையைவிடப் பெரியது. சாம்பல் நிற உரோமமும், கண்களைச் சுற்றி முகமூடி கட்டியது போன்ற கருப்புப் பட்டையும், வளையம் வளையமாகக் கோடு விழுந்த வாலும் கொண்டது. இரவில் நடமாடும் இவ்விலங்கு பட்டப்பகலில் தள்ளாடி வந்து பின்வாசல் படியருகே சுருண்டு படுத்துக்கொண்டால், அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வண்டியில் அடிபட்டிருக்கலாம். ஆனால் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு நோய்கள். ஒன்று டிஸ்டெம்பர், இது மனிதரைத் தொற்றாது. மற்றொன்று ரேபிஸ் என்னும் வெறிநோய், இலங்கை வழக்கில் விசர்நோய். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரை ஏறத்தாழ உறுதியாகக் கொல்லும். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் ஆகிய பகுதிகளில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். இந்தியாவிலும் இலங்கையிலும் வெறிநோய் என்றால் நாய்க்கடிதான் நினைவுக்கு வரும். அங்கே மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாய்களிடமிருந்தே வருகிறது. வட அமெரிக்காவில் வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி பரவலாகப் போடப்படுவதால் நிலைமை வேறு. அங்கு இந்நோயைச் சுமப்பவை வௌவால், ரக்கூன், ஸ்கங்க், நரி போன்ற காட்டு விலங்குகள். தெருநாயைக் கண்டால் ஒதுங்கி நடக்கப் பழகிய ஒருவர், பொம்மை போலிருக்கும் ரக்கூனுக்கு ரொட்டித் துண்டை நீட்டுவது இதை அறியாததால்தான்.

பகலில் வருவதெல்லாம் நோயல்ல

ரக்கூன் எதையும் தின்னும். பழம், புழு, மீன், பறவை முட்டை என்று காட்டில் தேடித் தின்ற விலங்குக்குப் புறநகரின் குப்பைத் தொட்டி பெருவிருந்தாயிற்று. கூரையடிப் பரண், புகைபோக்கி, பின்புற மரத்தளத்தின் அடிப்பகுதி ஆகியன அதற்கு மரப்பொந்துக்கு ஈடான வீடுகள். முன்னங்கால் விரல்கள் கைவிரல்கள் போலவே இயங்குவதால் மூடிகளைத் திறப்பதில் தேர்ந்தது. இதன் தொல்லை தாங்காமல், பூட்டும் கைப்பிடி கொண்ட உணவுக்கழிவுத் தொட்டிகளை டொராண்டோ மாநகராட்சி 2016இல் வீடுகளுக்கு வழங்கத் தொடங்கியது. அவற்றையும் சில ரக்கூன்கள் திறந்துவிட்டன என்பது தனிக்கதை.

இளவேனிலில் குட்டி ஈனும் தாய் ரக்கூன், பாலூட்டும் காலத்தில் பகலிலும் இரை தேடி வரும். வெயில் காய மரக்கிளையில் படுத்திருப்பதும் உண்டு. நிமிர்ந்த நடை, ஆளைக் கண்டதும் விலகும் அச்சம், ஒலி வந்த பக்கம் திரும்பும் காது இவையெல்லாம் இருந்தால் அது நலமாகவே இருக்கிறது. பகலில் தெரிந்தது என்பதற்காகவே நோய் என்று முடிவுகட்டி அதை விரட்டவோ பிடிக்கவோ செய்தால், எங்கோ காத்திருக்கும் குட்டிகள் பட்டினியில் சாகும். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: பின்னங்கால் இழுபடுதல், ஒரே இடத்தில் வட்டமிடுதல், கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து காய்ந்திருத்தல், வலிப்பு, ஆள் அருகில் வந்தும் நகராமை.

டிஸ்டெம்பர்

டிஸ்டெம்பர் ஒரு வைரஸ் நோய். இதன் வைரஸ், தட்டம்மை வைரசுக்கும் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் வைரசுக்கும் நெருங்கிய உறவு. நாய், நரி, ஸ்கங்க், ரக்கூன் முதலிய பல ஊனுண்ணிகளை இது தாக்கும். பெரும்பூனைகளும் தப்புவதில்லை. தான்சானியாவின் செரெங்கெட்டியில் 1994இல் சிங்கக் கூட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதனால் அழிந்தது. குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுள் சிலவற்றில் இதே வைரஸ் கண்டறியப்பட்டது.

நோயுற்ற விலங்கின் மூச்சுத் துளி, சளி, சிறுநீர் ஆகியவற்றால் இது பரவும். வெளிச்சூழலில் இந்த வைரஸ் நெடுநாள் தாங்காது. ஆனால் ஒரே உணவுத் தட்டைச் சுற்றிப் பல ரக்கூன்கள் கூடும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எளிதாகத் தாவிவிடும். இரக்கத்தால் இரவு தோறும் சோறு வைப்பவர்களின் கொல்லைப்புறமே பல நேரம் தொற்றுக் களமாகிவிடுகிறது.

முதலில் சளியும் இருமலும் கண்ணில் பீளையும் தோன்றும். சில நாட்களிலோ வாரங்களிலோ வைரஸ் மூளையை எட்டும். அப்போது விலங்கு அச்சத்தை இழக்கிறது. பகலில் திரிகிறது, சுவரில் முட்டி நிற்கிறது, எதையோ மெல்வது போலத் தாடையை அசைத்துக்கொண்டே இருக்கிறது, பிறகு வலிப்பு வருகிறது. பாதங்களின் அடித்தோல் தடித்துக் கெட்டிப்படுவதும் உண்டு. இந்நிலையில் அது ஆளைக் கண்டு ஓடாது என்பதால், பார்ப்பவருக்கு ‘பழகிவிட்டது’, ‘உதவி கேட்டு வந்திருக்கிறது’ என்றெல்லாம் தோன்றும். சாதுவாகத் தெரியும் இந்த நிலைதான் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் நிலை. மூளை பாதிக்கப்பட்ட விலங்கு எந்த நொடியிலும் கடிக்கலாம். வைரசை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. இந்தக் கட்டத்தை அடைந்த ரக்கூன் மீள்வது அரிது.

ரேபிஸ் வந்த வழி

ரக்கூன்களிடையே சுற்றிவரும் ரேபிஸ் வகை, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இருந்துவந்தது. 1970களில் வேட்டைக்காக அங்கிருந்து ரக்கூன்களைப் பிடித்து வடக்கே கொண்டுபோய் விட்டனர். அவற்றோடு நோயும் போனது. மேற்கு வர்ஜீனியாவில் 1977இல் தலைகாட்டிய அது கிழக்குக் கரையோரம் முழுவதும் பரவி, 1999இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை எட்டியது. பெருமுயற்சியால் 2005இல் அங்கு கட்டுப்படுத்தப்பட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின், 2015 டிசம்பரில் ஹாமில்டன் நகரில் மீண்டும் வந்தது. அது தெரியவந்த விதம் வியப்பானது: நகர விலங்குக் கட்டுப்பாட்டு வாகனத்தில் ஏற்றப்பட்டிருந்த இரண்டு நாய்கள், அதே வண்டியிலிருந்த நோயுற்ற ரக்கூனோடு சண்டையிட்டன. ரக்கூனைச் சோதித்தபோது ரேபிஸ் உறுதியானது. மரபணு ஆய்வு அந்த வைரசின் மூலம் நியூயார்க் மாநிலத்தின் தென்கிழக்கு என்று காட்டியது. ஏதோ ஒரு வாகனத்தில் ஒளிந்து எல்லை கடந்த விலங்கின் வழியே வந்திருக்கலாம். அதன்பின் வனிலா மணமூட்டிய இனிப்புக்குள் தடுப்பு மருந்தை வைத்து, காக்கிப் பச்சை நிறச் சிறு பொதிகளாக, காடுகளில் வானூர்தியிலிருந்தும் ஊர்களில் கையாலும் தூவி வருகின்றனர். கொல்லைப்புறத்தில் அத்தகைய பொதி கிடந்தால் அது குப்பையல்ல. ரக்கூனுக்கான சொட்டு மருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

அச்சத்தை அளவோடு வைக்க ஒரு செய்தி: ஒன்டாரியோவிலேயே தொற்றிய ரேபிசால் 1967க்குப் பிறகு மனிதர் இறந்தது 2024இல்தான், அந்த நோயும் வௌவாலிடமிருந்து வந்தது. இத்தனை குறைவாக இருப்பதற்குத் தடுப்பூசியும், கடிபட்டவர்கள் உடனே மருத்துவரிடம் செல்வதும் காரணங்கள்.

தொட்டால் நேர்வது

ரேபிசை உறுதிசெய்யும் சோதனை மூளைத் திசுவில் செய்யப்படுகிறது. அதாவது விலங்கு உயிரோடு இருக்கையில் அது இயலாது. மனிதரைக் கடித்த வீட்டு நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கும் முறை ரக்கூனுக்குப் பொருந்தாது. காட்டு விலங்கின் எச்சிலில் வைரஸ் எத்தனை நாள் முன்பாகவே வெளிப்படும் என்பது நாயில் போல வரையறுக்கப்படவில்லை. எனவே ஒரு ரக்கூன் யாரையாவது கடித்தாலோ பிராண்டினாலோ, அதைக் கொன்று மூளையைச் சோதிப்பதே வழக்கம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு குட்டியைத் தூக்கும்போது அது விரலைக் கவ்விவிட்டால், நலமான குட்டியாக இருந்தாலும் அதன் கதை அத்தோடு முடியலாம். விலங்கின் மீது அன்புள்ளவர்கள் அதைத் தொடாமலிருக்க இதுவே போதிய காரணம்.

செய்ய வேண்டியது குறைவு. பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்த வேண்டும். உணவும் தண்ணீரும் வைக்கக் கூடாது. மாநகராட்சியின் விலங்குச் சேவைப் பிரிவை அழைக்க வேண்டும். டொராண்டோவில் அதற்கான எண் 311. அலுவலர் வரும்வரை சன்னல் வழியே அது எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது உதவும். நடை, கண், வலிப்பு பற்றித் தொலைபேசியில் சொல்லும் விவரமே அழைப்பின் அவசரத்தை அவர்களுக்கு உணர்த்தும். கூண்டில் பிடித்துத் தொலைவிலுள்ள பூங்காவில் விடுவது சட்டப்படியும் தவறு. பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் விடலாம் என்பது ஒன்டாரியோ விதி. 1970களின் கதை தெரிந்தால் அந்த விதியின் பொருள் விளங்கும்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், அல்லது எச்சில் கண்ணிலோ புண்ணிலோ பட்டால், உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் பூசக்கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்த மருந்து வழக்கொழிந்து நெடுங்காலமாகிறது. இப்போது கனடாவில், முன்பு ரேபிஸ் தடுப்பூசி போடாத, நோயெதிர்ப்புக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு, முதல் நாளில் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரத ஊசியும், 0, 3, 7, 14ஆம் நாட்களில் கையில் தடுப்பூசியும் போடுகின்றனர். வைரஸ் நரம்பு வழியே மூளையைச் சேர வழக்கமாக வாரங்களோ மாதங்களோ ஆவதால், அறிகுறிக்கு முன் போட்டுக்கொண்டால் அநேகமாக முழுமையாகக் காக்கும்.

விலங்கை அகற்றிய பிறகு

டிஸ்டெம்பர் முற்றிய விலங்கை அலுவலர்கள் பெரும்பாலும் ஊசி போட்டு வலியின்றி இறக்கச் செய்கின்றனர். அது படுத்திருந்த இடத்தைக் கிருமிநாசினியால் கழுவினால் போதும். நாய்க்கு டிஸ்டெம்பர், ரேபிஸ் தடுப்பூசிகள் நாளது வரை போடப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பூனையை இந்த டிஸ்டெம்பர் நோயாக்குவதில்லை. ‘பூனை டிஸ்டெம்பர்’ எனப்படுவது வேறொரு வைரஸ்.

ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும் வழக்கமுடையவை. அம்மலத்தில் ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் அவை போனால் அரிதாக மூளையைப் பாதிக்கும். புதிய மலத்திலுள்ள முட்டைகள் தொற்றும் நிலையை அடைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், கண்டவுடன் கையுறையும் முகக்கவசமும் அணிந்து அள்ளி, பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். பிளீச்சிங் திரவத்துக்கு இம்முட்டைகள் அழியாது. அந்த இடத்தில் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும்.