செக்போஸ்ட்டில் நிற்கும் மாடு

மீமிசலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எனக்குத் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.01 என்று இருக்கிறது. சுரப்பி அதிகமாக வேலை செய்தால் அதுவும் ஏறித்தானே இருக்க வேண்டும்? மீனை விடு, உப்பை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விடவா?”

மீன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த நோய்க்கான காரணம் குழம்புச் சட்டியில் இல்லை. கடலோரம் என்பதால் தைராய்டு வரும், வராது என்று இரண்டு கட்சிக்காரர்களும் பேசுகிறார்கள். 2013-ல் வெளியான எட்டு நகர ஆய்வில் 5,376 பேரைப் பரிசோதித்தார்கள். தைராய்டு குறைவு உள்நாட்டு நகரங்களில் 11.7 சதவீதம், சென்னை, மும்பை போன்ற கரையோர நகரங்களில் 9.5. வித்தியாசம் அவ்வளவுதான், அதுவும் குறைவுக்கான கணக்கு, அதிகத்துக்கு அல்ல. ‘இயற்கை’ என்று விற்கிற கடற்பாசி மாத்திரை மட்டும் வேறு கதை. அதில் அயோடின் எக்கச்சக்கமாக இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வாசகியின் முதல் கேள்விதான் அருமையானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. உத்தரவு அநேகமாக நின்றே போய்விட்டது. சுரப்பியோ இரவு பகலாக ஓடுகிறது. அப்படியானால் ஓட்டுவது யார்?

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக ஒரு பத்தி. டப்ளின் மருத்துவர் கிரேவ்ஸ் 1835-ல் இந்த நோயை விவரித்தார். அவர் பெயரே நோய்க்கும் வந்தது: கிரேவ்ஸ் நோய். 1956-ல் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் ஆடம்ஸ், பர்வஸ் என்ற இருவர் நோயாளிகளின் சீரத்தைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றினார்கள். தைராய்டு தூண்டப்பட்டது. ஆனால் டி.எஸ்.எச். ஏற்றினால் சில மணி நேரத்தில் அடங்கிவிடுவது, இதில் நெடுநேரம் நீடித்தது. சீரத்தில் இருந்தது ஹார்மோனே அல்ல, நம் உடலே தயாரித்த ஆன்டிபாடி என்பது பின்னால் தெரிந்தது. ஹார்மோனும் ஆன்டிபாடியும் வந்து ஒட்டும் இடம் டி.எஸ்.எச். ஏற்பி; அதன் மரபணு 1989-ல் கைக்கு வந்தது. வரலாறு போதும்.

ருசிகரமான விஷயம் 2022-ல் வந்தது. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த ஏற்பியைப் படம் பிடித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். செல்லின் சவ்வில் ஊன்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய புரதம் அது. வேலை இல்லாதபோது அந்த வெளிப்பகுதி சவ்வை ஒட்டிச் சாய்ந்து கிடக்கிறது. டி.எஸ்.எச். வந்து ஒட்டினால், சாய்ந்த நிலையில் ஹார்மோனின் உடம்பு சவ்வில் இடிக்கும், இடமில்லை. ஆகவே வெளிப்பகுதி நிமிர்கிறது. நிமிர்ந்ததும் உள்ளே வேலை தொடங்குகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு செக்போஸ்ட் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை ஏற்பி, சாலை சவ்வு. போலீஸ்காரர் வந்து கட்டையைத் தூக்குகிறார், லாரிகள் போகின்றன. அவர்தான் டி.எஸ்.எச்., லாரிகள் தைராய்டு ஹார்மோன். கிரேவ்ஸ் நோயில் நடப்பது இது: ஆன்டிபாடி என்ற ஒரு மாடு கட்டைக்கு அடியில் புகுந்து நிற்கிறது. அதற்குக் கட்டை, லாரி, சட்டம் எதுவும் தெரியாது. சாலைக்கும் கட்டைக்கும் நடுவே அதன் முதுகு கொள்ளவில்லை. கட்டை மேலே போகிறது, அவ்வளவுதான். ஹார்மோன் தூக்கும் அதே நிலைக்கு, ஹார்மோன் மாதிரியே இல்லாத ஒன்று, வெறும் உடம்பை வைத்துத் தூக்கிவிடுகிறது! லாரிகள் குவிவதைப் பார்த்துப் புதுக்கோட்டையில் இருக்கும் மேலதிகாரி, அதாவது பிட்யூட்டரி, போலீஸ்காரரைத் திரும்ப அழைத்துக்கொள்கிறார். அதுதான் ரிப்போர்ட்டில் உள்ள 0.01. மாடு எந்த அதிகாரிக்கும் கட்டுப்பட்டதல்ல, அது நிற்கிறது.

இன்னும் இருக்கிறது. இன்னொரு மாடு கட்டையின்மேல் படுத்துவிட்டால்? கட்டை எழும்பாது, போலீஸ்காரரும் கிட்டே வர முடியாது. இது தடுக்கும் ஆன்டிபாடி. விளைவு தைராய்டு குறைவு. இரண்டும் ஒரே அளவு, ஒட்டும் கோணம்தான் வேறு. சிலருக்கு நின்ற மாடு போய்ப் படுத்த மாடு வருவதும் உண்டு. அதிகமாக இருந்தது குறைவாக மாறும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன், பக்கத்து ஸ்டேஷன் போலீஸ்காரர்போல வந்து கட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போகும். மரபணுப் பிழையால் ஆணியே கழன்று கட்டை தானாக மேலே நிற்கும் தைராய்டு கட்டிகளும் உண்டு, 1993-ல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஆயிரக்கணக்கில் கொடுத்துச் செய்கிற ஆன்டிபாடி பரிசோதனைக்கு வருவோம். வழக்கமான முறை, ஏற்பியில் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. மாடு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று அது சொல்லாது. நோயாளியின் நாடி, எடை, கை நடுக்கம், ஹார்மோன் அளவு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். முடி வளரும் என்று விளம்பரப்படுத்தப்படும் பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் விழுங்கிவிட்டுப் போனால், சில வகைப் பரிசோதனைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், ஆன்டிபாடி பொய்யாக ஏறியும் தெரியும். மாடே இல்லாத சாலையில் மாடு! ரத்தம் கொடுக்குமுன் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஏற்பியையே குறிவைக்கும் புதுமருந்து, நிரந்தரக் குணம் என்று தலைப்புகள் வரும். தடுக்கும் ஆன்டிபாடி ஒன்றையே மருந்தாக்கி ஆரம்பகட்டச் சோதனை செய்திருக்கிறார்கள், ஆரம்பகட்டம் ஆரம்பகட்டம்தான். கையில் இருப்பது பழைய கார்பிமசோல். அது மாட்டையும் தொடாது, கட்டையையும் தொடாது. லாரிச் சாவிகளைப் பிடுங்கி வைக்கிறது. ஒன்றரை ஆண்டு வரை சாப்பிட்டு நிறுத்தினால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. ஆன்டிபாடி இன்னும் நிறைய இருக்கும்போது நிறுத்தினால் வாய்ப்பு கூடும். அந்தப் பரிசோதனையின் உண்மையான பயன் இங்கேதான்.

இன்னொரு பயனும் உண்டு. அறுவை சிகிச்சையில் தைராய்டை எடுத்த பிறகும், செக்போஸ்ட் போய்விட்டாலும், மாடுகள் ரத்தத்தில் பல ஆண்டுகள் திரியலாம். அவை நஞ்சுக்கொடியைக் கடந்து, வயிற்றிலிருக்கும் குழந்தையின் கட்டையைத் தூக்கும். அப்படிப்பட்டவர்கள் கர்ப்பமானால், “தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொன்னால் போதாது. “எனக்குக் கிரேவ்ஸ் நோய் இருந்தது” என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.