சுழல மறுக்கும் உருளை

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் ரிவால்வரை நீட்டுகிறான். கதாநாயகி கண்களை இறுக மூடிக் கொள்கிறாள். 'டிக்!' அவ்வளவுதான், குண்டு வரவில்லை. வில்லன் திருதிருவென்று விழிக்கிறான். கதாநாயகன் பாய்கிறான். கொட்டகையில் ஒரே கைதட்டல்!

போன வாரம் அப்படி ஒரு பழைய படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, துப்பாக்கி நிஜமாகவே அப்படி மக்கர் பண்ணுமா? இல்லை, கதாநாயகியைக் காப்பாற்ற டைரக்டர் செய்த தந்திரமா?"

"மிஷின் என்றால் மக்கர் பண்ணாமல் இருக்குமா? தீபாவளிக்கு முதல் நாள் உன் தையல் மிஷின் பண்ணவில்லையா?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் விஷயம் தெரியாது. தேடிப் படித்தேன். துப்பாக்கியைத் தேடிப் போன இடத்தில் ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கல்கத்தாவுக்கு வந்த சிறுவன்

அமெரிக்காவில் ஹார்ட்போர்ட் என்னும் ஊரில் 1814-ல் பிறந்தவர் சாமுவேல் கோல்ட். 1830-ல், பதினாறாம் வயதில், 'கார்வோ' என்ற கப்பலில் ஏறிக் கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்தார். கப்பலில் சக்கரம் சுழல்வதையும், நினைத்த இடத்தில் அது பூட்டிக் கொள்வதையும் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். மரத்துண்டைச் செதுக்கி ஒரு மாதிரியும் செய்தார். 1836-ல் அமெரிக்காவில் அதற்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது.

ரிவால்வரின் நடுவே ஓர் உருளை. அதில் ஐந்தோ ஆறோ அறைகள். கட்டை விரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே 'கை' என்று பெயர் கொண்ட ஒரு சின்ன இரும்புத் துண்டு உருளையின் பின்புறத்துப் பல்லை நெம்பித் தள்ளும். உருளை ஓர் அறை அளவு திரும்பும். உடனே கீழிருந்து ஒரு தாழ்ப்பாள் எழும்பி, உருளையில் உள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டிக் கொள்ளும். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது 'கிரிக் கிரிக்' என்று கேட்குமே, ஏறக்குறைய அதே வித்தைதான்.

மக்கர் எங்கே?

கோல்ட்டின் பழைய துப்பாக்கிகளில் ஒவ்வோர் அறைக்கும் பின்னால் செம்பில் ஒரு சிறு தொப்பி மாட்டுவார்கள். சுத்தியல் அடித்ததும் அது வெடித்து, அறையில் உள்ள மருந்தைப் பற்ற வைக்கும். ஆனால் வெடித்த தொப்பி கிழிந்து, அதன் துணுக்கு இடுக்கில் விழுந்துவிட்டால் போச்சு! உருளை அசையாது. எதிரே பகைவன் நிற்கும்போது குனிந்து துணுக்குப் பொறுக்க முடியுமா? அதனால் விஷயம் தெரிந்தவர்கள் குழலை வானத்தை நோக்கித் தூக்கிக் கொண்டு சுத்தியலை இழுப்பார்கள். துணுக்கு வெளியே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது எதிரி கசடு. அந்தக் காலத்துக் கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் மிஞ்சும். அது உருளையின் அச்சில் அப்பிக் கொள்ளும். அடிப்பிடித்த பால் பாத்திரம் உங்களுக்குத் தெரியாததா? வைத்தியமும் அதேதான்: வெந்நீர், சோப்பு, பிறகு ஈரம் போகத் துடைத்து எண்ணெய்.

மூன்றாவது, அவசரக்காரன் கைவரிசை. குழலைப் பொருத்தும் ஆப்பை ஓங்கி அடித்துவிட்டால், குழல் உருளையோடு உரசும். மழைக்காலத்துக் கதவு நிலையில் பிடித்துக் கொள்கிற மாதிரி.

பழுது பார்ப்பவர் முதலில் எல்லா அறைகளும் காலிதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பார். பிறகு சுத்தியலை மெதுவாக இழுத்துப் பார்ப்பார். சுற்று முழுவதும் இறுகினால் அழுக்கு, அல்லது ஆப்பு. ஒரே ஓர் அறையில் மட்டும் தயங்கினால் அந்த இடத்துப் பல்லோ பள்ளமோ தேய்ந்திருக்கிறது. வேகமாக இழுத்தால் பூட்டுகிறது, மெதுவாக இழுத்தால் பூட்டவில்லை என்றால், 'கை' தேய்ந்துவிட்டது. இதெல்லாம் லைசென்ஸ் பெற்ற கைதேர்ந்தவர்கள் வேலை. வீட்டில் திருப்புளி எடுக்கிற காரியம் அல்ல.

எலிசபெத் அம்மாள்

கோல்ட்டின் முதல் கம்பெனி 1842-ல் மூடிப் போயிற்று. 1847-ல், மெக்ஸிகோ யுத்தத்தின்போது, ஆயிரம் துப்பாக்கிக்கு ஆர்டர் வந்தது, மறுபடி தலைதூக்கினார். 1856-ல் எலிசபெத் ஜார்விஸ் என்ற பாதிரியார் மகளை மணந்தார். ஆறே வருஷம்! 1862 ஜனவரியில், நாற்பத்தேழு வயதில், கோல்ட் கண்ணை மூடினார். குழந்தைகளையும் ஒவ்வொன்றாகப் பறிகொடுத்த எலிசபெத்துக்கு மிஞ்சியவன் ஒரே மகன்.

துக்கம் ஆறவில்லை, 1864 பிப்ரவரியில் தொழிற்சாலையில் தீப்பிடித்துப் பெரும் பகுதி சாம்பலாயிற்று. விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கம்பெனியின் பெரும் பங்கு கையில் இருந்த அந்த அம்மாள், "மறுபடி கட்டுவோம்" என்று தீர்மானித்தார். 1867-ல் புதுக் கட்டடம் எழுந்தது. சகோதரரை நிர்வாகத்தில் வைத்துக் கொண்டு, 1901-ல் விற்கும் வரை கம்பெனியைக் காப்பாற்றினார். அந்த ஒரு மகனும் 1894-ல் போய்விட்டான். 1905-ல் அவரும் காலமானார்.

கணவரையும் இறந்த குழந்தைகளையும் நினைத்து அவர் ஹார்ட்போர்டில் கட்டிய மாதாகோயில் 1869-ல் முடிந்தது. தொழிலாளர்களுக்கென்று அமைத்த வாசலில் என்ன செதுக்கியிருக்கிறார்கள் தெரியுமா? சிலுவையும் புஷ்பமும் மட்டும் அல்ல. துப்பாக்கிகள், குண்டு வார்க்கும் அச்சுகள், உருளைகள்! பிரார்த்தனை செய்யும் இடத்தில் துப்பாக்கியா என்று நமக்குத் திக்கென்கிறது. ஆனால் ஊருக்குச் சோறு போட்டதும் அதுதான். எத்தனையோ தாய்மார்களின் சோற்றில் மண்ணைப் போட்டதும் அதுதான்.

எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்த வாசலில் இருக்கிற கல் உருளைதாங்க நல்ல உருளை. ஒரு நாளும் சுழலாது, ஒருத்தரையும் சுடாது" என்றாள். பிறகு, "அது கிடக்கட்டும், என் மிஷினுக்கு எண்ணெய் வாங்கி வந்தீர்களா?" என்று கேட்டாள்.

நான் வாங்கி வரவில்லை!