கொரியாவில் மூன்று நாட்கள்

தேர்தல் மேடைகளில் அள்ளி வீசப்படும் வாக்குறுதிகளுக்கு அளவே இல்லை. ஆனால் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற ஐசனோவர் சொன்ன ஒரு வரி மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. "நான் கொரியாவுக்குப் போவேன்" என்பதே அது. போரை விரைவில் முடிக்க வேண்டும் என்றாரே தவிர, எப்படி முடிப்பேன் என்று அவர் சொல்லவில்லை. போய்ப் பார்த்தபின் முடிவு செய்வேன் என்பதே அதன் பொருள்.

தோழியரே, அந்தப் போரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படைகள் 38-ஆம் இணைகோட்டைத் தாண்டித் தெற்கே புகுந்தன. தென் கொரியாவுக்குத் துணையாக ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ் அமெரிக்கா முதலிய நாடுகளும், வடக்குக்குத் துணையாகச் சீனாவும் போரில் இறங்கின. முதலாண்டில் அலைபோல் முன்னும் பின்னும் ஓடிய படைகள், பிறகு மலைகளில் பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. 1951 ஜூலையில் சமாதானப் பேச்சு தொடங்கியது. ஆனால் 1952 அக்டோபரில் அதுவும் முறிந்தது. காரணம் போர்க்கைதிகள். சொந்த நாட்டுக்குத் திரும்ப விருப்பமில்லாத கைதிகளையும் கட்டாயமாக அனுப்ப வேண்டும் என்றது ஒரு தரப்பு. கூடாது என்றது மறுதரப்பு. இந்த வழக்கு தீரும்வரை, பெயர்கூட இல்லாத குன்றுகளுக்காக இளைஞர்கள் நாள்தோறும் மடிந்துகொண்டிருந்தார்கள்.

நவம்பர் 4-ஆம் நாள் ஐசனோவர் வென்றார். 29-ஆம் நாள் பொழுது விடியுமுன் நியூயார்க்கில் உள்ள தம் வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் புறப்பட்டார். அவர் வீட்டிலேயே இருப்பதுபோல் பெரிய மனிதர்கள் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார்களாம்! உடன் சென்ற நிருபர்களும் அவர் கொரியாவை விட்டு நீங்கும்வரை வாய் திறக்கவில்லை. டிசம்பர் 2 முதல் 5 வரை அவர் அங்கே இருந்தார். உறையவைக்கும் குளிர். சிறு விமானத்தில் ஏறிப் போர்முனையைப் பார்த்தார்; சிப்பாய்களோடு வெட்டவெளியில் தட்டேந்தி உணவருந்தினார். 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பை நடத்தியவர் அல்லவா? அரசியல்வாதியின் கண்ணுக்குத் தப்பக்கூடியது படைத்தளபதியின் கண்ணுக்குத் தப்பவில்லை. சிறு குன்றுகளின்மேல் சிறு தாக்குதல்கள் நடத்தி இப்போரை ஒருநாளும் முடிக்க முடியாது என்று கண்டுகொண்டார். தளபதி மார்க் கிளார்க் பெரும் படையெடுப்புக்குத் திட்டம் தீட்டி ஆயத்தமாக வைத்திருந்தார். ஐசனோவர் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. தென் கொரியத் தலைவர் சிங்மன் ரீ, வடக்கு நோக்கி முன்னேற வேண்டும் என்று துடித்தவர். அவருடன் சிறிது நேரமே பேசினார்.

அந்த மலைகளில் அவர் சந்தித்தவர்களுள் ஒருவர் மேஜர் ஜான் ஐசனோவர், அவருடைய ஒரே உயிருள்ள மகன். மூன்று சிறு குழந்தைகளின் தந்தை. தந்தை வேட்பாளரான வேளையில்தான் மகனுக்குக் கொரியா செல்ல உத்தரவு வந்தது. தந்தை தடுக்கவில்லை, ஒரே நிபந்தனை விதித்தார். போரில் இறக்க நேர்ந்தால் அது விதி. ஆனால் எதிரியிடம் கைதியாக அகப்படவே கூடாது. அகப்பட்டால் மகனைக் காட்டி நாட்டையே பணிய வைக்கப் பார்ப்பார்கள் என்பது அவர் அச்சம். அப்படி ஒரு நிலை வந்தால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதாக மகன் ஒப்புக்கொண்டார். இதை ஜானே 2008-இல் எழுதியிருக்கிறார். தாயார் மேமி அருகில் இருந்திருந்தால் இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. கைதிகளுக்காக நின்றுபோன சமாதானத்தைத் தொடர வேண்டியவருக்கே கைதி என்ற சொல் இவ்வளவு நெருங்கியிருந்தது!

1953 ஜனவரி 20, பதவியேற்பு விழா நாளில் ஐசனோவர், மகனை வரவழைத்தது யார் என்று ட்ரூமனைக் கேட்டார். "நான்தான்" என்றார் ட்ரூமன். இருவருக்கும் அப்போது பேச்சே சரியில்லை. ஆயினும் மூன்று நாள் கழித்து ஐசனோவர் நன்றிக் கடிதம் எழுதினார். விழா முடிந்ததும் ஜான் மீண்டும் கொரியாவுக்கே சென்றார்.

அந்தப் பயணம் மட்டுமே போரை நிறுத்திவிட்டது என்று சொல்வது மிகை. மார்ச் 5-ஆம் நாள் ஸ்டாலின் இறந்ததும் மறுதரப்பின் பிடிவாதம் தளர்ந்தது. கைதிகள் சிக்கலுக்கு வழிகாட்டியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஐசனோவர் கொரியாவில் இருந்த டிசம்பர் 3-ஆம் நாளன்றுதான், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வி. கே. கிருஷ்ண மேனன் முயன்று உருவாக்கிய இந்தியத் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. திரும்ப மறுக்கும் கைதிகளை நடுநிலை நாடுகளின் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்பது அதன் சாரம். அன்று சீனாவும் ரஷ்யாவும் அதை ஏற்கவில்லை. ஆனால் 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை ஏறத்தாழ அதே வழியில்தான் சென்றது. அதற்குள் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டிருந்தார்கள். கொரிய மக்கள் இறந்ததோ பல இலட்சம்.

நடுநிலைக் குழுவுக்கு ஜெனரல் திம்மய்யா தலைவரானார். நாடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியச் சிப்பாய்களுக்கு வந்தது. இந்தியர் யாரும் தம் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சிங்மன் ரீ தடுத்துவிட்டார். எனவே கப்பலில் வந்திறங்கிய நம் வீரர்கள் ஹெலிகாப்டர்களில் ஏறி, தென் கொரிய மண்ணை மிதிக்காமலேயே, இரு படைகளுக்கும் நடுவே இருந்த கைதிகள் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.