ஆறும் ஓர் ஆளோ?

சங்கரன்கோவில் இறைவன் திருப்பெயரால் நிலம் இருத்தலும் வழக்கு நடத்தலும் கூடும். கோயில் திருமேனியைச் சட்டம் ஓர் ஆளாக மதிப்பதே காரணம். 1925-ஆம் ஆண்டில் பிரிவி கௌன்ஸிலும் இதனை உறுதிசெய்தது. அங்ஙனமாயின், மலையினின்று இறங்கிச் சிவகிரி வயல்களை நனைக்கும் நீருக்கும் அத்தகுதி ஆகாதோ என நாம் வினவுதல் பொருந்தும்.

2017 மார்ச்சில் உத்தரகண்ட உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் ஆட்களெனத் தீர்ப்பளித்து, அரசாங்க உத்தியோகஸ்தரைக் காப்பாளராக்கிற்று. வெள்ளத்தால் கேடு நேரின் ஈடு செய்பவர் யாவர் என்று மாநில அரசே முறையிட, ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

அதே மார்ச்சில் நியூசிலாந்துப் பாராளுமன்றம் வாங்கனுயி ஆற்றை ஆளாக்கிச் சட்டம் இயற்றிற்று, அது நிலைபெற்றது. ஏனெனில், கரைவாழ் மாவோரி மக்கள் தலைமுறைகளாக வாதாடி, 2014-இல் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தனர். காப்பாளர் இருவருள் ஒருவரை அரசும் மற்றவரை அம்மக்களும் முன்மொழிவர்.

2022 ஏப்ரலில் மதுரைக் கிளை நீதிமன்றமும் இயற்கை அன்னையை ஆளெனக் கூறி, காக்கும் கடமையை அரசுகளுக்கு விதித்தது. நன்றே, ஆயினும் மக்கள் குரல் அதிற் சேரவில்லை. அக்குரலின் வலிமைக்கு நியமகிரி சான்று. உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி 2013-இல் ஆங்குக் கூடிய 12 கிராமசபைகளும் சுரங்கம் வேண்டாவென்றன. மறு ஆண்டில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

ஆற்றுக்கு வாயில்லை. ஆதலின், மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஊர் செல்லுங்கால் கிராமசபைக்கும் செல்லுங்கள். நும் ஊர் ஓடைக்காக ஒரு தீர்மானம் எழுதச் செய்யுங்கள். மக்கள் விரும்பி வகுத்த சட்டமே நெடிது நிற்கும் என்பது நம் துணிபு.