போனில் வரும் தொழில் வாய்ப்பு: பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

“வீட்டிலிருந்தே தினமும் 2,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம். முதலீடு தேவையில்லை. போன் இருந்தால் போதும்.”

இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வராத வீடு இன்று இல்லை. மண்ணூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலையை நம்பி வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு ஒப்பந்த வேலை, மாறி மாறி ஷிப்ட். மாதக் கடைசியில் வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய பணம். வீட்டில் இருக்கும் மனைவி படித்தவர். நாமும் நாலு காசு சம்பாதித்தால் குடும்பத்துக்கு உதவியாக இருக்குமே என்று அவர் நினைப்பதில் தவறே இல்லை. அந்த நல்ல எண்ணத்தைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள்.

எப்படி விழ வைக்கிறார்கள்?

முதலில் வேலை மிக எளிதாக இருக்கும். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட வேண்டும், அல்லது ஏதோ ஒரு ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். சொன்னபடி 150 அல்லது 200 ரூபாய் நம் கணக்கில் வந்து விழும். நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். “இன்று எனக்கு 20,000 வந்தது” என்று அங்கே பலர் படம் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கும்பலின் ஆட்களே. பிறகு, “ஆயிரம் ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும்” என்பார்கள். வரும். பத்தாயிரம் கட்டச் சொல்வார்கள். ஆப்பில் லாபம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் எடுக்க முடியாது. “வரி கட்டினால்தான் பணம் வெளியே வரும்”, “இன்னும் ஒரு டாஸ்க் பாக்கி” என்று மேலும் மேலும் கேட்பார்கள். திரையில் தெரியும் தொகை வெறும் எண்தான். நம் பணம் அப்போதே பல கணக்குகள் மாறிப் போயிருக்கும்.

இது ஏதோ ஓரிருவர் செய்யும் வேலை அல்ல. பகுதிநேர வேலை, முதலீடு என்ற பெயரில் ஏமாற்றிய 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

கூட்டம் சேர்வது சான்று ஆகாது

“எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், எல்லாரும் ஏமாளிகளா?” என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது என்பது 2022இல் பதிவான வழக்கு. கோவையில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது வழக்கு வந்தபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே திரண்டார்கள். பணம் வந்துகொண்டிருக்கும் வரை, உறுப்பினர்களே சம்பளமில்லாத விளம்பரதாரர்கள்.

‘ஹலால்’ என்ற சொல்லும் சான்று ஆகாது

நம் சமுதாயம் இதற்குக் கொடுத்த விலை அதிகம். ஹைதராபாத்தின் ஹீரா கோல்டு, வட்டியில்லாத முதலீடு என்று சொல்லி, ஆண்டுக்கு 36 சதவீதம் வரை லாபம் காட்டி முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. அதன் நிறுவனர் 2018 அக்டோபரில் கைதானார். பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் பணம் போட்டவர்களை ‘பங்குதாரர்கள்’ என்றது. 2019 ஜூனில் நிறுவனர் துபாய்க்குப் போய்விட்டார். அடுத்த மாதம் டெல்லியில் பிடிபட்டார். மகளின் நிக்காஹ்வுக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணத்தைப் போட்டவர்கள் அலுவலக வாசலில் நின்றார்கள்.

இங்கே மார்க்கம் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதாரபா முறையில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். கிடைக்கும் லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிக்கிறார்கள். நஷ்டம் வந்தால் முதல் போட்டவரையே சேரும். “மாதாமாதம் இவ்வளவு நிச்சயம், முதலுக்கும் உத்தரவாதம்” என்று ஒருவர் சொன்னால், அது வட்டிக்கு வேறு பெயர், அல்லது மோசடி. இரண்டாகவும் இருக்கலாம். ஹலால் என்று சொல்லிக்கொண்டு நிச்சய லாபம் பேசுவதே முதல் எச்சரிக்கை மணி.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

“இந்த லாபம் யாருடைய பையிலிருந்து வருகிறது?”

துணி விற்றாலும் மசாலாப் பொடி விற்றாலும், பொருளை விரும்பி வாங்கும் வாடிக்கையாளர் தருகிறார். அது வியாபாரம். புதிதாகச் சேருபவர் கட்டும் பணம்தான் பழையவருக்கு லாபம் என்றால், அது சங்கிலி. ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது படியில் 4 கோடியே 88 லட்சம் பேர் வேண்டும். பன்னிரண்டாவது படியில் 24 கோடிக்கும் மேல். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். சங்கிலி அறுந்தே தீரும். அறுபடும்போது சிக்குவது கடைசியில் சேர்ந்த நம் தம்பியோ மச்சானோதான்.

பணம் கட்டும் முன்

* வேலை தருபவர் நமக்குச் சம்பளம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் கேட்டால் விலகுங்கள்.
* நிறுவனப் பதிவும் ஜிஎஸ்டி எண்ணும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி அல்ல. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பாருங்கள். பங்குச்சந்தை என்றால் செபி பதிவைப் பாருங்கள்.
* பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை. கேட்டால் அது திருட்டு.
* “உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்” என்றால் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் அதன் வழியாகப் போனால் கணக்கு முடங்கும், வழக்கு நம் பெயரில் வரும்.
* 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டப்படி, தெரிந்தே பிறரை இதில் சேர்த்துவிடுவதும் குற்றம்.
* சொந்தமாகத் தொழில் தொடங்க உத்யம் பதிவு இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.
* கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கும்படி சூரத்துல் பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எழுதித் தர மறுப்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் பணம் கொடுக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் தெரிவியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். உரையாடல், ரசீது எதையும் அழிக்காதீர்கள். டெபாசிட் மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவை அணுகுங்கள். “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்” என்று வருபவனும் மோசடிக்காரனே.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஏமாந்தவர் பலநேரம் பயந்து மறைக்கிறார். கணவருக்குத் தெரிந்துவிடுமே, வாப்பா திட்டுவாரே என்று ஒளிக்கும் அந்த இரண்டு நாளில்தான் பணம் கைக்கு எட்டாமல் போகிறது. மறைத்த பணத்தை ஈடுகட்ட நகையை அடகு வைத்து மறுபடியும் கட்டியவர்களும் உண்டு. எனவே நம் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து சொன்னால், முதலில் 1930க்குப் போன் செய்வோம். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.