இரண்டு பெயர் தெரிந்த குழந்தை

சின்னக் குழந்தை யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பூச்சாண்டி வருகிறான் என்றதும் சோறு இறங்கிவிடுகிறதே! ஆனால் மெலிசா கோனிக், ஃபாப்ரிஸ் கிளெமென்ட், பால் ஹாரிஸ் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. 3, 4 வயதுக் குழந்தைகள் முன்னால் ஒருவர் தெரிந்த பொருள்களுக்குச் சரியான பெயர் சொன்னார். மற்றவர் தாறுமாறாகச் சொன்னார். பிறகு, பார்த்தே இராத ஒரு பொருளுக்கு இருவரும் ஆளுக்கொரு பெயர் வைத்தபோது, யார் பிசகியவர் என்று கண்டுகொண்ட குழந்தைகள் சரியாகச் சொன்னவரையே நம்பின. சொல்லை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் பால்வாடி வயதிலேயே வந்துவிடுகிறது.

இதை அப்படியே கேரள எல்லையில் உள்ள பாறசாலைக்குக் கொண்டுவந்தால் கணக்கு இடிக்கும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது, பேச்சில் விழவில்லை. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்குப் பாட்டி காட்டிய பூனை அங்கன்வாடியில் பூச்ச ஆகிறது; நாய் பட்டி ஆகிறது. (தண்ணீர் தப்பித்தது, குமரி மேற்கில் தமிழிலும் அது வெள்ளம்தான்.) ஆய்வுக்கூடத்து விதிப்படி பாட்டி, டீச்சர் இருவரில் ஒருவர் தவறானவர். எல்லைக் குழந்தையோ அப்படி முடிவு கட்டாது என்று நினைக்கக் காரணம் உண்டு. கிறிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைன், ஜேனட் வெர்க்கர் இருவரும் 2009-இல் 17, 18 மாதக் குழந்தைகளிடம் பார்த்தது இது: ஒரே மொழி கேட்டு வளர்பவை, புதிய சொல் புதிய பொருளுக்குத்தான் என்று எடுத்துக்கொள்கின்றன, இரு மொழி கேட்பவற்றிடம் அந்தப் பிடிவாதம் தளர்ந்திருக்கிறது, மும்மொழிக் குழந்தைகளிடம் காணவே இல்லை; ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது இவற்றுக்குப் புதிதல்ல.

அப்படியே இருந்தாலும், தமிழ்க் குழந்தை தமிழ் உச்சரிப்பைத்தானே நம்பும், மலையாள டீச்சர் பேச்சு எடுபடுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தன் வீட்டு உச்சரிப்பில் பேசுபவரைக் குழந்தைகள் முதலில் நாடுவதை கின்ஸ்லர், கோரிவோ, ஹாரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். ஆனால் அதே மூவர் 2013-இல், வேற்று உச்சரிப்புக்காரர் சரியாகவும் சொந்த உச்சரிப்புக்காரர் தப்பாகவும் பேசினால் 4, 5 வயதுக் குழந்தைகள் சரியாகச் சொன்னவர் பக்கம் சாய்வதையும் காட்டினார்கள். இந்த இரண்டு உச்சரிப்பு ஆய்வுகளிலும் இருந்தவை அமெரிக்கக் குழந்தைகள், எல்லையோரத்துப் பிள்ளைகள் அல்ல என்பது உண்மை. அவையே அதைக் கடந்துவிட்டதால்தான் உச்சரிப்பு ஒரு பெரிய தடை என்று நான் அஞ்சவில்லை; இரண்டு பேச்சையும் சந்தையில் தினம் கேட்கும் பிள்ளைக்கு அது இன்னும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

என் கவலை 'தப்பு' என்ற தீர்ப்பைப் பற்றியது. குழந்தை பூனை என்கிறது, "தப்பு, பூச்ச" என்று பதில் வருகிறது. திருத்தப்படுவது சொல் மட்டுமல்ல, சொல்லித்தந்த பாட்டியும்தான். பழகிய ஆசிரியை தவறாகப் பெயர் சொன்னாலும் 3 வயதுக் குழந்தைகள் அவரை விடவில்லை, 5 வயதுக் குழந்தைகளிடம் அந்த நம்பிக்கை சரிந்தது என்கிறது கோரிவோவும் ஹாரிஸும் 2009-இல் செய்த ஆய்வு. அங்கன்வாடிப் பிள்ளைகள் 3 முதல் 6 வயதுக்காரர்கள். கணக்கு மாறும் வயதே அது. கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் மலையாளம் கட்டாயம், திருத்தாமல் எப்படிக் கற்பது என்பார்கள். கற்கட்டும். "வீட்டில் பூனை, இங்கே பூச்ச" என்றாலும் மலையாளம் வரத்தான் செய்யும், பாட்டியும் பிழைத்துக்கொள்வார். மறுபக்கமும் சுத்தமில்லை. "டீச்சருக்கு என்ன தெரியும், அது மலையாளம்" என்று வீட்டில் சிரிப்பதும் அதே தீர்ப்புதான். சாப்பிடுமுன் கை கழுவு, தெருநாய் பக்கம் போகாதே என்று மறுநாள் சொல்லப்போவதும் அந்த டீச்சர்தான்.